வாழாவெட்டி வண்டி

சுவரோடு பேசியே ஒரு மனிதன் குடித்தனம் நடத்த முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்பதற்கு ஸ்டியரிங் அக்காவின் புருஷன் சாட்சி. கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு சின்னச் சண்டை. ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்கிற அளவில் ஒன்று. அன்றைக்கு வாயை மூடியவன், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து மறுபடி அதைத் திறக்கவில்லை. வேண்டியதையெல்லாம் சுவரிடம் சொல்வான். "காப்பி" என்பான் சுவரைப் பார்த்து. "சட்டையில பட்டன் போயிருக்கு" என்பான், அதே சுவரிடம். அவள் காப்பியைக் கொண்டுவந்து வைப்பாள், பட்டனைத் தைப்பாள். என்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை வந்தால் அதுவும் சுவருக்கே போய்ச் சேரும். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு அந்தச் சுவர் ஒருநாள் 'ம்' கொட்டியது என்று அவள் தலையிலடித்துச் சத்தியம் செய்வாள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஒரு நாள் காலை அவன் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, அவள் பையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவருக்கு எதிரே போய் நின்றாள்.

"நான் கிளம்புறேன். இனிமே உன் புருஷனை நீயே பாத்துக்கோ" என்றாள் சுவரிடம்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கன்னத்தின் மறுபக்கத்துக்கு நுரை பூசிக்கொண்டிருந்தான்.

அம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள். அம்மா திறந்தாள். முதலில் பையைப் பார்த்தாள், அப்புறம் மகளைப் பார்த்தாள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"வாழாவெட்டியா வந்து நிக்கிறியா" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு ஆள் உள்ளே நுழைவதற்குள் ஒரு பெயர் அவளுக்கு முந்திக்கொண்டு உள்ளே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. அண்ணிக்காரி அதை டெலிபோனில் தாழ்ந்த குரலில் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி அதை உரக்கச் சொல்லிவிட்டு, சொல்லாதவள் போலத் துணி உலர்த்தினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதே வீட்டை விட்டு ஆம்பளை கிளம்பிப் போயிருந்தால் அவனுக்கு யாரும் பேர் வைத்திருக்க மாட்டார்கள். 'வேலை விஷயமா வெளியூர் போயிருக்கார்' என்று ஊரே ஒன்றுகூடி அவனுக்கு டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்திருக்கும்.

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை. டிரைவர்கள் டீ குடிக்கப் போகும் நேரமெல்லாம் லாரியில் ஏறி முன்னே ஒரு முழம், பின்னே ஒரு முழம் நகர்த்திப் பார்த்தாள். முதல்முறை ரிவர்ஸ் எடுத்தபோது கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. சுவர்களோடு அவளுக்கு இருந்த பழைய பகை அன்றோடு தீர்ந்தது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். சுவர் இடிந்ததோ இல்லையோ, அவள் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டாள். கம்பெனியை மூடிவிட்டு முதலாளி ஊரைக் காலி செய்தபோது, செத்துப்போனது என்று அவர் முடிவுகட்டியிருந்த லாரி ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள். வண்டிக்கு ஒரே ஒரு குணம். திட்டினால்தான் ஸ்டார்ட் ஆகும். அதுவும் மரியாதையாகத் திட்டினால் காதிலேயே வாங்காது.

ஆள் சேர்ந்தது. முதலில் வந்தவள் கயிறு. ஆள் நெடுநெடுவென்று இருப்பாள், கட்டும் வேலையெல்லாம் அவளுடையது. அவள் புருஷன் கை ஓங்குகிறவன். ஓங்கிய கையைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டு வந்தவள் அவள். அந்த முடிச்சை இன்றுவரை ஒருவராலும் அவிழ்க்க முடியவில்லை, அவன் கட்டிலோடுதான் கடைக்குப் போய்வருகிறான் என்று கேள்வி. அடுத்து வந்தவள் டீச்சர். அவள் திருத்தி வைத்த விடைத்தாள்களை அவள் புருஷன் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு திருத்துவானாம். ஒருநாள் அவனுக்கே ஒரு மார்க் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு வெளியேறினாள். எத்தனை மார்க் என்று கேட்டால், "பாஸ் இல்லை" என்று மட்டும் சொல்வாள். லீவு நாட்களில் வந்துகொண்டிருந்தவள், போகப்போகப் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

கடைசியாக வந்தவள் பீங்கான். கண்ணாடி, பீங்கான், பொம்மை, முட்டை, எதுவானாலும் அவள் சுற்றிக் கொடுத்தால் உடையாது. ஒருமுறை மூன்றாம் மாடியிலிருந்து மீன் தொட்டியைத் தண்ணீரோடும் மீனோடும் இறக்கி, ஊரின் மறுகோடியில் கொண்டுபோய் வைத்தார்கள். வீடு மாறிய விஷயம் மீனுக்கு இன்னும் தெரியாது. பீங்கான் அதிகம் பேச மாட்டாள். அவள் புருஷன் முட்டை வாங்கிவருகிறேன் என்று போனவன் வரவில்லை என்பது மட்டும் மற்றவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

கேட்காமலிருப்பது அந்த வண்டியின் சட்டம். ஏன் கிளம்பினாய், என்ன செய்தான், யார்மேல் தப்பு, எதையும் கேட்கக்கூடாது. ஊரே கேட்டுச் சலித்த கேள்வியை நாம் வேறு கேட்பானேன் என்பது ஸ்டியரிங் அக்காவின் எண்ணம்.

அந்தச் சட்டத்துக்கு அவசியமும் வந்துகொண்டிருந்தது. காரணம் லாரி ஸ்டாண்டில் நடந்த ஒரு சங்கதி. அங்கே மீசை என்று ஒரு டிரைவர். ஒருநாள் இவள் வண்டி உள்ளே நுழையும்போது, "ஓரம் போங்கப்பா, வாழாவெட்டி வண்டி வருது" என்று குரல் கொடுத்தான். ஸ்டாண்டே சிரித்தது. அவள் என்ஜினை அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள்.

"ஆமாண்ணே, வாழாவெட்டி வண்டிதான். வாழ்ந்து கிழிச்சவங்க எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, பார்க்கிங் பண்ணணும்."

இந்தத் தடவை ஸ்டாண்டு இன்னும் பலமாகச் சிரித்தது, மீசையைப் பார்த்து. அன்றைக்கு அவளுக்கு ஒன்று விளங்கியது. நம்மேல் எறிந்த கல்லானாலும் கையில் பிடித்துவிட்டால் அது நம்முடைய கல்தான். அதற்கப்புறம் வண்டிக்குள் அந்தச் சொல் பந்து மாதிரி துள்ளியது. "ஏ வாழாவெட்டி, அந்தப் பக்கம் தூக்கு" என்பாள் கயிறு. "வாழாவெட்டி நம்பர் டூ, உங்க டீ ஆறுது" என்பாள் டீச்சர். பீங்கான் மட்டும் பேப்பரை மடித்துக்கொண்டிருப்பாள்.

ஸ்டாண்டுச் சிரிப்பு ஊருக்குள் பரவியது. போன் வர ஆரம்பித்தது. எதிர்முனையில் ஒரு பெண், பாத்ரூமுக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுகிற குரலில், "வாழாவெட்டி வண்டிங்களா?" என்று கேட்பாள். எத்தனை மணிக்கு வரட்டும் என்பதைத் தவிர இவர்கள் எதையும் கேட்க மாட்டார்கள். அவன் வேலைக்குப் போனதும் போய் நிற்பார்கள். அவள் எடுத்துப்போக வேண்டியதற்கு வெள்ளைச் சாக்பீஸ், அவனுக்கு விட்டுப்போக வேண்டியதற்குச் சிவப்பு. மற்ற வண்டிக்காரர்கள் சமையலறையைக் கடைசியில்தான் ஏற்றுவார்கள். இவர்கள் முதலில் ஏற்றுவார்கள். சமையலறை இருக்கிறவரை ஒரு பெண்ணுக்குத் திரும்பி நின்று ஒரு காப்பி போடத் தோன்றும், காப்பி போட்டால் கிளம்பத் தோன்றாது. இது ஸ்டியரிங் அக்காவின் அனுபவ ஞானம்.

ஆகையால், 'பழைய கம்பெனிப் பேரை அழிச்சு உங்க பேரை எழுதுங்க' என்று போக்குவரத்து அதிகாரி வண்டியை நிறுத்திச் சொன்னபோது, என்ன எழுதுவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பெயின்டரை வரச் சொன்னாள்.

பெயின்டருக்குப் பெயர் பிரஷ். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும். ஷெட்டுக்குள் டப்பாக்களோடு நுழையும்போதே, "என்ன வாழாவெட்டிகளா, டீ ஆச்சா?" என்றான்.

கயிறின் கையில் முடிச்சு பாதியில் நின்றது.

"யாரைச் சொன்னே?" என்றாள் ஸ்டியரிங்.

"உங்களைத்தான்க்கா. நீங்களே சொல்லிக்கிறீங்க. வண்டியில எழுதவும் சொல்றீங்க. நான் சொன்னா மட்டும் சுடுதா?"

"என் பல்லை நான் குத்திக்குவேன்டா. அதுக்காக நீ ஒரு குச்சியை எடுத்துட்டு என் வாய்க்குள்ள வந்துடுவியா?"

"பாசமாத்தான்க்கா சொன்னேன்."

"பாசமா இருந்தா டீ வாங்கிக் கொடு."

"எனக்குச் சர்க்கரை கம்மி" என்றாள் டீச்சர்.

பிரஷ் தலையைச் சொறிந்தான். "எழுதப்போறவனே நான்தானே. அந்த வார்த்தையைச் சொல்லாம எப்படிக்கா எழுதுறது?"

"எழுது. படிக்காதே."

அவன் சிரித்துவிட்டான். டீயும் வந்தது. ஸ்டியரிங் அக்கா வண்டியின் பக்கவாட்டில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நடந்து காட்டினாள். இங்கே ஆரம்பித்து அங்கே முடியணும், எழுத்து என் தோள் உயரம் இருக்கணும், ரெண்டு பக்கமும், சிவப்பில், சுற்றி மஞ்சள் கோடு.

"எழுத வேண்டாம்க்கா."

பேசியது பீங்கான். கையில் பாதி மடித்த பேப்பர் இருந்தது.

"ஏன்டி, மஞ்சள் பிடிக்கலையா?"

"வார்த்தை பிடிக்கல. உங்க பல்லை நீங்க குத்திக்குங்க. என் வாயை ஏன் சேத்துத் திறக்குறீங்க?"

சொன்ன சொல் அதே சூட்டில் திரும்பி வந்து முகத்தில் அடித்தால் யாருக்கும் மூச்சு முட்டும்.

"அது நம்ம வார்த்தைடி" என்றாள் ஸ்டியரிங். "நாமளே எடுத்து நெத்தியில ஒட்டிக்கிட்டா அடுத்தவன் என்ன பண்ணுவான்? அவனுக்கு அதுல ருசியே போயிடும்."

"நம்ம வார்த்தை இல்லக்கா, உங்க வார்த்தை. நீங்க சுவர்கிட்ட சொல்லிட்டு வந்தீங்க. கயிறு கட்டிப்போட்டுட்டு வந்தா. டீச்சர் மார்க் போட்டுட்டு வந்தாங்க. நான் எங்கேருந்து வந்தேன்? நான் அங்கேயேதான் இருக்கேன். போனது அவர். அவர் போனதுக்கு எனக்கு எதுக்குப் பேரு? உங்களுக்கு அது மெடல். எனக்கு அது இன்னும் புண்ணு."

"புண்ணுன்னா மருந்து போடணும். மூடிவெச்சா சீழ் பிடிக்கும்."

"என் புண்ணை எப்பத் திறக்கணும்னு நான் பாத்துக்குறேன். என் பொண்ணு தினம் இந்த வண்டியிலதான் ஸ்கூல் வாசல்ல இறங்குறா. தோள் உயரத்துக்கு எழுதினீங்கன்னா அவ உயரமும் அதுதான். அவ எந்தப் புருஷனை விட்டுட்டு வந்தா?"

கயிறு தரையைப் பார்த்தாள். டீச்சர் டம்ளரைப் பார்த்தாள்.

ஸ்டியரிங் அக்காவுக்குப் பிடிவாதம் பிறவிச் சொத்து. "சரி, ஓட்டுப் போடுவோம்" என்றாள். அவள் கை உயர்ந்தது. கயிறின் கை உயர்ந்தது. டீச்சரின் கை, இருமப்போவது போலக் கொஞ்சம் யோசித்து, அப்புறம் உயர்ந்தது.

"ஜெயிச்சுட்டீங்க" என்றாள் பீங்கான். "எழுதுற அன்னிக்கு நான் வர மாட்டேன். அதுக்கப்புறமும் வர மாட்டேன்." பேப்பரை மடித்து முடித்து, அடுக்கின் மேல் வைத்தாள்.

"நான் இன்னிக்குப் பழைய பேரை மட்டும் அழிச்சுட்டுப் போறேன்" என்றான் பிரஷ். அவன் முந்திக்கொள்ளும் வாய் அன்றைக்கு மட்டும் சமயத்தில் உதவியது.

அவள் இல்லாமல் வண்டி ஓடுமா? ஓடும். உடையும், அவ்வளவுதான் என்று ஸ்டியரிங் அக்கா தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அம்மா வாசலில் நிற்கவைத்துச் சூட்டிய பெயரைத் தன் கையாலேயே ஊர் முழுக்க ஓட்டிக்காட்ட வேண்டும் என்று எத்தனை காலமாக நினைத்திருந்தாள். ஒருத்தி வேண்டாம் என்றால் விட்டுவிடுவதா?

பெயரில்லாத மொட்டை வண்டியில் மறுநாள் வேலைக்குப் போனார்கள். பீங்கானும் வந்தாள். எழுதாதவரை வருவதாகத்தானே பேச்சு.

நாலாவது மாடி. போனில் பேசியிருந்தவள் தொண்டை அடைத்துப் பேசியிருந்தாள். "எங்க அம்மா வீட்டுத் தெருவுக்குப் போகணும். அவர் ஆபீஸ் போனப்புறம் வாங்க. என்னோட சாமானை முதல்ல எடுங்க, அவரோடதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றிருந்தாள். போனபோது ஜன்னல் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? ஸ்டியரிங் அக்கா கண்ணைக் காட்டினாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சமையலறை முதலில் இறங்கியது. வெள்ளைச் சாக்பீஸ் ஓடியது. அவள் துணி அலமாரி, அவள் தையல் மெஷின், அவள் செடித் தொட்டிகள். ஷூ வரிசை, ஆண்பிள்ளைச் சட்டைகள், உடற்பயிற்சிச் சைக்கிள், மாமியார்க்காரியின் போட்டோ எல்லாவற்றிலும் சிவப்பு. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தாள். பாக்கிங்காரர்களின் முறை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

பாதி வீடு லாரிக்குள் போயிருந்தது. அப்போது ஒரு மனிதர் ஒரு கையில் பெரிய பிளாஸ்க்கும் மறுகையில் பிஸ்கட் பையுமாகப் படியேறி வந்தார். கயிறு மாடிப்படிக்கு நடுவே நின்றுகொண்டாள். அவள் நின்றால் படிக்கட்டில் எறும்பும் ஏறாது.

"மேல போகக்கூடாது சார்."

"இது என் வீடும்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"என் பொண்டாட்டி மேல இருக்கா."

"அதுவும் எல்லாரும் சொல்றதுதான்."

சத்தம் கேட்டு அந்தப் பெண் வாசலுக்கு ஓடிவந்தாள். ஸ்டியரிங் அக்கா அவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளி, தன் முதுகால் மறைத்துக்கொண்டாள். "பயப்படாதேம்மா. நாங்க இருக்கோம். நாங்களும் வாழாவெட்டிங்கதான்."

"நாங்களும்னா?" என்றாள் அந்தப் பெண்.

ஸ்டியரிங் அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள்.

"என்னைப் பாத்தா அந்த வார்த்தையைச் சொன்னீங்க? யாரு உங்ககிட்ட சொன்னது?" அவள் முகத்தில் சேற்றை வாரி அடித்தது போல இருந்தது. "ரெண்டு பேரும்தான் வீடு மாறுறோம். அவர் சாமானை அவர்தான் கட்டுவார், வேற யாரும் தொட்டா அவருக்குப் பிடிக்காது. அதுக்காக லீவு கேக்க ஆபீஸ் போயிருந்தார்."

"அப்ப எதுக்கும்மா அழுதீங்க?" என்றாள் டீச்சர், மிகவும் தாழ்ந்த குரலில்.

"ஜன்னல்ல தெரியிற அந்த மரத்தைப் பாத்து அழுதேன். இத்தனை வருஷமா அதைப் பாத்துட்டே காப்பி குடிச்சேன். புது வீட்டுல எதிர்வீட்டு பாத்ரூம்தான் தெரியுது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

கணவர் படியில் நின்றபடியே, திறந்திருந்த கதவு வழியே தெரிந்த தன் சைக்கிளின் மேலிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். "அப்ப என்னை விட்டுட்டுப் போறதா இருந்தீங்களா?" என்று கேட்டார். பிறகு, "டீ ஆறிடும்" என்று பிளாஸ்க்கைக் கயிறிடம் நீட்டினார். நல்ல மனிதர். ஆனால் அந்தப் பெண் புது வீட்டில் கடைசிப் பெட்டி இறங்கும்வரை ஸ்டியரிங் அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

திரும்பும் வழியில் ஸ்டியரிங் அக்காவின் கண் ரோட்டில் இருந்தாலும், அவளுக்குத் தெரிந்ததென்னவோ ஒரு கதவு. கதவைத் திறந்த அம்மா பையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கேட்காமல் பெயர் வைத்தாள். இன்றைக்கு நாலாவது மாடியில், இவள் கண்ணீரைப் பார்த்தாள், சாமானைப் பார்த்தாள், கேட்காமல் பெயர் வைத்தாள். அம்மாவாவது திட்டுவதற்காகச் சொன்னாள். இவள் ஆதரவாகச் சொன்னாள். வாங்கிக்கொண்ட முகம் என்னவோ ஒரே முகம்தான்.

எல்லோரையும் இறக்கிவிட்டு, வண்டியை ஷெட்டில் போட்டுவிட்டு, அவள் நடந்தே பீங்கானின் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. அவள் மகள் மூலையில் உட்கார்ந்து பூகோளப் படத்துக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். பீங்கான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் ஸ்டியரிங்.

"நீங்களா? கேக்கறதா?"

"கேக்கறேன். அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?"

பீங்கான் மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சொல்ல அதிகம் இல்லை. சண்டை இல்லை. முட்டை வாங்க அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இவள் வாணலியை அடுப்பில் வைத்துக் காத்திருந்தாள். வாணலி காய்ந்து புகைந்தது. அணைத்தாள். மறுபடி ஏற்றினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் இன்றைக்கும் வேலைக்கு வெளிநாடு போயிருப்பதாகத்தான் சொல்கிறாள்.

"முதல்ல அந்தப் பேரைச் சொன்னது யாரு?"

"அவர் அம்மா. இங்கேதான், இந்த நாற்காலியில உக்காந்து அழுதுட்டே சொன்னாங்க. அவங்க அழுததைப் பாத்து நான்தான் அவங்களுக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தேன். உங்களுக்குச் சொன்னது?"

"எங்க அம்மா."

"அதான் உங்களால விட முடியல. அவங்க கொடுத்ததுன்னு வேற எதுவும் உங்ககிட்ட இல்லையே."

ஸ்டியரிங் அக்கா தான் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நான் விடப்போறதில்லை. சொல்லிட்டேன்."

"விடுங்கன்னு யாரு சொன்னா? என் தலையில வெக்காதீங்கன்னுதான் சொன்னேன்."

"உனக்கு வேண்டாம்."

"வேண்டாம். இன்னிக்கு வேண்டாம். நாளைக்கு வேணும்னா நானே வந்து கேப்பேன். கேக்காமலும் இருப்பேன்."

"சரி" என்றாள் ஸ்டியரிங். எழுந்து வாசலுக்குப் போனவள் திரும்பி, "காலையில சீக்கிரம் வா, ஒரு பியானோ இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் ஷெட்டில் பிரஷ் டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஸ்டியரிங் அக்கா முந்தின ராத்திரியே தீர்மானித்துவிட்டாள். வண்டியின் இரண்டு பக்கமும் 'வீடு மாற்றித் தரப்படும்' என்று பெரிதாக, கீழே போன் நம்பர். கூப்பிட வேண்டியவர்களுக்கு நம்பர் போதும். பாத்ரூமுக்குள்ளிருந்து கிசுகிசுக்கிறவர்கள் யாருடைய வாயிலிருந்தாவது விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள், தெரிந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

"அப்ப அந்த... அது?" என்றான் பிரஷ். வாயைப் பூட்டிக்கொள்ளப் பழகியிருந்தான்.

அவள் ஸ்டியரிங் பக்கத்துக் கதவுக்கு அவனை அழைத்துப் போனாள். கண்ணாடிக்குக் கீழே, கைப்பிடிக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு இடம் காட்டினாள். "இங்கே. ஒருத்திக்கு எழுதுற மாதிரி எழுது. பன்மை கின்மை போட்டுடாதே."

"இவ்வளவு சின்னதாவா?"

"என் அளவு அவ்வளவுதான்."

கயிறு இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "ஓட்டுல ஜெயிச்சது என்னாச்சு? அப்ப எங்களுக்கு?"

"ஓட்டுப் போட்டது தப்பு. ஒருத்தி தலைக்கு மூணு கை எப்படி முடிவெடுக்கும்? உனக்கு வேணும்னா உன்மேல எழுதிக்கோ."

கயிறு யோசிக்கவில்லை. சாமான் தூக்கும்போது தோளில் மாட்டும் தன் பெல்ட்டைக் கழற்றி நீட்டினாள். பிரஷ் அதில் எழுதிக் கொடுத்தான், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு. டீச்சர், தான் இதைப்பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

பெயின்ட் காய்வதற்குள் பீங்கான் வந்துவிட்டாள். கையைப் பிடித்தபடி மகள். பீங்கான் வண்டியின் பக்கவாட்டைப் படித்தாள், சுற்றிவந்து கதவைப் படித்தாள், ஒன்றும் சொல்லாமல் மறுபக்கத்துக்குப் போய் ஏறி உட்கார்ந்தாள். மடியில் பேப்பர் கட்டை வைத்து மடிக்க ஆரம்பித்தாள்.

பெண் மட்டும் ஸ்டியரிங் பக்கத்துக் கதவை விட்டு நகரவில்லை. எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிரஷ் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"பெரியம்மா, இது யாரு?"

"நான்தான்."

"நீங்க மட்டுமா?"

"நான் மட்டும்தான்."

"எங்க அம்மா?"

"உங்க அம்மா பேரை உங்க அம்மாவைக் கேளு. ஏறு, மணி அடிச்சுடுவாங்க."

பெண் அந்தப் பக்கமாக ஓடி, அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். ஸ்டியரிங் அக்கா ஈரம் கையில் படாமல் கதவைத் திறந்து ஏறினாள். சாவியைத் திருப்பி, குழந்தை காதில் விழாத அளவுக்கு வண்டியைக் கேவலமாக ஒரு திட்டுத் திட்டினாள். வண்டி கிளம்பியது. பள்ளிக்கூடத்தை நோக்கி, பியானோ காத்திருந்த தெருவை நோக்கி.